இரண்டு கரையிலிருந்தும் படம்

ஈச்சம்பாறைக்காரர்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வெள்ளம் கொண்டுபோன பாலத்துக்குப் பதிலாக மூன்றே நாளில் தாங்களாகவே இன்னொன்றைப் போட்டுவிட்டார்கள். அதையாவது ஏனோதானோ என்று போட்டிருக்கலாம். உருப்படியாகப் போட்டுத் தொலைத்தார்கள்.

ஐப்பசிக் கடைசியில் குரங்கணிக்கு மேலே பேய்மழை. ஞாயிறு சாயங்காலம் பிடித்தது, திங்கள் விடிந்தும் விடவில்லை. ஈச்சம்பாறை ஓடை மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்து, ஜீப்பு போய்வந்துகொண்டிருந்த கான்கிரீட் பாலத்தை நடுவில் முறித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரண்டு கரையிலும் ஆளுயரத்துக்கு நிற்கிற கல்கட்டு மட்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் முப்பத்தியொரு வீடு, ஏலத்தோட்டம், காப்பித்தோட்டம், ஒரு பால்வாடி. இந்தப் பக்கம் குரங்கணி, போடி, ஆஸ்பத்திரி, சந்தை, எல்லாமும். ஊருக்குப் பின்னால் ஏறினால் காடு. அதற்குள் பதினாலு கிலோமீட்டர் நடந்தால் கேரளாக்காரன் எஸ்டேட் ரோடு வரும் என்பார்கள், காட்டுமாடு வழிவிட்டால்.

திங்கட்கிழமை காலையில் வார்டு மெம்பர் வேலுத்தாய் ஊருக்குமேல் இருக்கிற மொட்டைப்பாறையில் ஏறி நின்று ஓவர்சியர் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டாள். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் பாறைதான். லிங்கேஸ்வரன் அந்நேரம் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் வந்து தங்கியிருந்த ஜனங்களுக்குப் பாய் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக ரோடும் பாலமும் அளந்த மனுஷனைப் பாய் எண்ண விட்டிருந்தார்கள். மழை வந்தால் ஆபீசில் எல்லோருக்கும் எல்லாச் சோலியும்தான்.

பாலம் போய்விட்டது என்று அவள் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "முதல்ல வழியப் போடுங்கத்தா. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நல்ல மனசில் வந்த வார்த்தை. சிலமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வாய்க்கால் உடைந்தால் மண்வெட்டியோடு ஓடிப் பழகிய ஆள் வேறென்ன சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் ஈச்சம்பாறைக்காரர்கள் போட்டிருப்பார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அப்போது அவருக்குத் தெரியாது.

தோட்டத்து நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்தில் நெடுநெடுவென்று நாலைச் சாய்த்து, கிளை கழித்து, கயிறு கட்டி இழுத்துக் கல்கட்டின்மேல் வைத்தார்கள். கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். குறுக்கே பாக்குமரச் சட்டம் அடித்தார்கள். கைபிடிக்கு இரண்டு பக்கமும் கயிறு. புதன் சாயங்காலம் ஏலக்காய் மூட்டையோடு ஆள் நடந்தது.

பன்னிரண்டாம் நாள்தான் லிங்கேஸ்வரனுக்குப் பாய் எண்ணுகிற வேலை முடிந்து மலைக்கு வரமுடிந்தது. கையில் பைல். அந்த மரப்பாலத்தில் நடந்தார். நடுவில் நின்று ஒருமுறை குதித்தும் பார்த்தார். அசையவில்லை. வேறு சமயமாக இருந்தால் கட்டினவன் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். அன்றைக்குக் கையிலிருந்த பைலைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

விதி அப்படி. பேரிடரில் போன பாலத்தைத் திரும்பக் கட்ட அரசாங்கம் தனியாக நிதி வைத்திருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள், இல்லையென்று சொல்வதில்லை. ஆனால் போன பாலம் போன கோலத்திலேயே இருக்கவேண்டும். ஆபீசர் தன் போனில், ஆபீஸ் ஆப்பில் தன் பெயரில் நுழைந்து, தேதியும் இடமும் தானே பதிகிற மாதிரி இரண்டு கரையிலிருந்தும் படம் எடுக்கவேண்டும். மேலிருந்து ஒரு குழு வந்து அதே கோலத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்குள் யாராவது சரிசெய்து ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்தால் அது அவசரம் இல்லை. அவசரம் இல்லாததற்கு அந்த நிதி இல்லை. இடியாத பாலத்தை இடிந்ததென்று எழுதி எவனோ எப்போதோ தின்றிருப்பான். அவனுக்காகப் போட்ட பூட்டு இது. அவன் அடுத்த பூட்டைத் திறக்கப் போய்விட்டான், ஈச்சம்பாறை வெளியே நிற்கிறது. மாதக் கடைசிக்குள் பைல் மேலே போயாகவேண்டும். குழு ஒரே தடவைதான் வரும். வரும் புதன்கிழமை பதினோரு மணி என்று சொல்லியிருந்தார்கள்.

ஊரைப் பால்வாடி முன்னால் கூட்டி லிங்கேஸ்வரன் விஷயத்தைச் சொன்னார். முதலில் சிரித்தார்கள். போட்ட பாலத்தைப் பிரித்துவிட்டுப் பாலம் இல்லை என்று காட்ட வேண்டுமாம் என்று ஒருவன் பின்னால் நின்றவனுக்கு எடுத்துச் சொன்னான், அவனும் சிரித்தான். ஒச்சப்பன் என்கிற பெரிய மீசைக்காரன், குளிக்கப் போகும்போது வேட்டியை அவிழ்க்கிற மாதிரிதானே, கட்டிக்கொண்டால் போச்சு என்றான். சிரித்து முடித்தபிறகு, அவர் முகத்தைப் பார்த்து அமைதியானார்கள்.

காசிமாயன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி ராஜாத்திக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. திங்களும் வியாழனும் தேனி பெரியாஸ்பத்திரியில் மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணியாகவேண்டும். விடியுமுன் கிளம்பி, ஜீப்பில் குரங்கணி, பஸ்சில் போடி, இன்னொரு பஸ்சில் தேனி. பத்தரைக்குள் போகவில்லையென்றால் மிஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பாலம் போன திங்கட்கிழமை ஒரு முறை தவறிப்போனது. அப்போது ஏறின வீக்கமே இன்னும் முழுசாக வடியவில்லை.

"புதன்கிழமைன்னா சரிண்ணே. வியாழக்கெழமை இவளக் கூட்டிட்டுப் போகணும்" என்றான்.

புதனோடு முடிந்துவிடும், மத்தியானத்துக்குள் திரும்பக் கட்டிவிடலாம் என்று லிங்கேஸ்வரன் உறுதி சொன்னார். எந்த தைரியத்தில் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தான் போனில் சொன்ன ஒரு வார்த்தையால் இந்த ஊருக்குப் பாலம் இல்லாமல் போய்விடக்கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு அப்போது. அது உறுத்திக்கொண்டே இருந்தது. விதி ஞாபகத்துக்கு வந்த நாள்முதல், பத்து நாளாக, ராத்திரிச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். இந்தக் கரையில் நின்று எடுக்கவேண்டிய படத்துக்கு முதலில் ஆட்கள் மரத்தை அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கிற ஆளெல்லாம் ஊர்க்காரர்கள், அவர்கள் இருப்பது அந்தக் கரை. நாலையும் இழுத்தபின் இந்தக் கரைப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு மரத்தை மட்டும் திரும்பப் போடச் சொல்லி, அதில் நடந்து அந்தக் கரைக்குப் போனார். அவர் இறங்கியதும் அந்த மரத்தையும் இழுத்துப் போட்டார்கள். திரும்பி நின்று இரண்டாவது படத்தையும் எடுத்தார். வெறும் கல்கட்டு இரண்டு, நடுவில் கலங்கல் தண்ணீர். இதைவிடத் தெளிவாகச் சேதத்தைக் காட்ட முடியாது. பாறைமேல் ஏறி நின்று இரண்டையும் அனுப்பினார். போய்ச் சேர்ந்தது என்று பச்சை அடையாளம் விழுந்தபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

பதினோரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. குழுவைக் காணோம்.

காலையிலிருந்து அவருக்கு யாரும் ஒரு வாய்க் காப்பி கொடுக்கவில்லை. அது ஈச்சம்பாறை வழக்கம் இல்லை. எப்போது வந்தாலும் மூன்று வீட்டில் குடித்து வயிறு உப்பித்தான் இறங்குவார். இன்றைக்குக் கோபம் போல என்று நினைத்துக்கொண்டார். அப்புறம்தான் ஊரைச் சரியாகப் பார்த்தார். ஒரு வீட்டிலும் புகை இல்லை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஒரு கூரையிலும் புகை இல்லை. பிள்ளைகள் பால்வாடித் திண்டில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தன.

வேலுத்தாயைக் கூப்பிட்டு, அடுப்பு எரிக்கவில்லையா என்று கேட்டார்.

அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஈச்சம்பாறையில் வழி அற்றுப்போனால் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு ஆள் அரிவாளும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போய் வழியைத் திறந்து, முதல் ஆள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகுதான் நெருப்பு. பச்சையாகத் திங்கிற எதையும் திங்கலாம். கொய்யா, வாழைப்பழம், ஊறவைத்த அரிசி. பிள்ளைகளுக்கும் அதேதான். பாலம் போனபோதும் மூன்று நாள் இந்தக் கதைதான். அடுப்பு எரிந்தால் ஆம்பிளைகள் சோற்று வட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் வழி எங்கே திறக்கிறது என்று எவளோ ஒரு புத்திசாலி எந்தக் காலத்திலோ போட்ட சட்டம். இதுவரைக்கும் யாரும் மீறினதில்லை.

"நாமளா பிரிச்சதுதானத்தா இது? வெள்ளமா கொண்டுபோச்சு?" என்றார்.

"யாரு பிரிச்சா என்னண்ணே. வழி இல்லேன்னா இல்லதான?"

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். லிங்கேஸ்வரனுக்குத்தான் குத்தியது. அவர் கையிலும் ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குப் பாறைமேல் ஏறியபோது மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. குழு வேறொரு ஊரில் அறுந்த ரோட்டைப் பார்த்துவிட்டு நேரமாகிப் போடிக்குத் திரும்பிவிட்டது, நாளைக் காலை முதல் வேலையாக ஈச்சம்பாறைதான், அப்படியே வைத்திருங்கள் என்றார். நாளைக்கு ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இன்றைக்குக் கட்டிவிட்டுக் காலையில் அவர்கள் வருமுன் பிரித்துவிடுகிறோம் என்று லிங்கேஸ்வரன் சொல்லிப் பார்த்தார்.

"அவங்க எத்தன மணிக்கு வருவாங்கன்னு எனக்கே தெரியாது. கை வச்சீங்கன்னா பைலை மூடி வச்சிருங்க" என்று சொல்லி மேலதிகாரி போனை வைத்துவிட்டார்.

காலையில் முதல் வேலை என்றுதானே சொல்கிறார்கள், எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள், அவர்கள் ஜீப்பிலேயே ராஜாத்தியை ஏற்றிவிட்டாலும் ஆச்சு என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டு, அதையே காசிமாயனிடமும் சொன்னார். அவன் சரிண்ணே என்றான். அந்தச் சரிண்ணே அவருக்குப் பிடிக்கவில்லை. அவன் சத்தம் போட்டிருக்கலாம். ஒச்சப்பனாவது சத்தம் போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை. பாலம் வரப்போகிறது என்று நம்பினார்கள்.

நாலு மணிக்கு மேலே மலையில் மழை பிடித்தது. ஊரில் தூறல்தான். ஆனால் ஓடை கல்கட்டின் பாதிக்கு ஏறிவிட்டது. இனி அவரும் அந்தப் பக்கம் போகமுடியாது. பாறைமேல் ஏறி, சிலமலையில் இருக்கிற மனைவிக்குப் போன் போட்டு, வரமுடியாது, மாட்டிக்கொண்டேன் என்றார். எங்கே என்று அவள் கேட்டதற்கு, பாலம் இல்லாத ஊரில் என்றார். அங்கேதான் பாலம் போட்டுவிட்டார்கள் என்றீர்களே என்றாள் அவள். பசி காதை அடைத்தது.

அன்றைக்குப் பால்வாடியில் படுத்தார். வேலுத்தாய் போர்வை கொடுத்தாள். பொழுதிருக்கையிலேயே ஊர் அடங்கிவிட்டது. எந்த வீட்டிலும் பாத்திரச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் சின்னப்பிள்ளை ஒன்று சோறு கேட்டு அழுதது. அதன் ஆத்தா ஏதோ சொல்லித் தட்டிக்கொடுத்தாள். அது ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்து பிறகு தூங்கியது. முப்பது வருஷத்தில் எத்தனையோ ஊருக்கு, வழியில்லை, ஜனங்கள் சிரமப்படுகிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த வரியை ஒரு பைலிலிருந்து இன்னொரு பைலுக்கு அப்படியே எடுத்து எழுதுவதுதான் வழக்கம். அந்தச் சிரமத்துக்குள் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்ததில்லை. வெளியே போகிற வழியை அவர்தான் நின்று பிரிக்கச் சொல்லியிருந்தார்.

வியாழன் விடிந்தது. ஆறு மணிக்கே காசிமாயன் வீட்டுக்குப் போனார். ராஜாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு இருக்காது. முகம் ஊதியிருந்தது, கால் இரண்டும் தூண்மாதிரி இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று ராத்திரி முழுக்க அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், சேலையை மட்டும் சரிபண்ணிக்கொண்டாள்.

"வந்துருவாகளாண்ணே?" என்று கேட்டாள். மூச்சு வாங்கித்தான் அந்த ஒரு வார்த்தை வந்தது.

வந்துருவாகத்தா என்றார்.

ஏழு மணிக்குப் பாறைமேல் ஏறினார். மேலதிகாரி எடுக்கவில்லை. குழுவுக்குத் தலைவியாக வருகிற பொறியாளர் முத்துப்பிரியாவின் நம்பர் இருந்தது. அதைப் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அப்படியென்றால் மலையேறிக்கொண்டிருக்கலாம். அல்லது ஓட்டலில் போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம். திரும்பவும் போட்டார். ஐந்து தடவை போட்டார்.

பாறையிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். முப்பத்தியொரு கூரை. புகை இல்லை. ஓடைக்கரையில் நாலு மரமும் அடுக்கிக் கிடந்தன. மரத்தைச் சுற்றி ஆம்பிளைகள் குத்தவைத்திருந்தார்கள். பக்கத்தில் கயிறும் கடப்பாரையும். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஒன்றரை மணி நேரத்தில் பாலம் நிற்கும். இப்போது ஆரம்பித்தால் ஒன்பதுக்கு முன்னால் ராஜாத்தி அக்கரை போவாள். பத்தரைக்குத் தேனி போவதே பெரும்பாடு. எட்டரைக்கு ஆரம்பித்தால் வீண்.

குழு வந்து பார்த்துவிட்டுப் போனால் ஒரு வருஷத்தில் கான்கிரீட் பாலம். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். அது இந்த ராஜாத்திக்கும் சேர்த்துத்தான். ஒரு நாள் பொறுத்தால் காலத்துக்கும் ஆச்சு என்று ஒரு மனசு சொன்னது. அவள் திங்கட்கிழமை வரைக்கும் தாங்குவாளா என்று இன்னொரு மனசு கேட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். அவருக்கு ஆத்திரமாக வந்தது. விதி எழுதினவன்மேல், மேலதிகாரிமேல், பாலத்தைக் கோணல்மாணலாகக் கட்டத் தெரியாத இந்த ஜனங்கள்மேல், எல்லோருக்கும் மேலாகத் தன்மேல்.

பாறையிலிருந்து இறங்கி நேராகக் கரைக்குப் போனார். சட்டையைக் கழற்றி ஒரு காப்பிச்செடியில் போட்டார். முதல் மரத்தின் முனையில் கை கொடுத்தார்.

"தூக்குங்கப்பு" என்றார்.

ஒச்சப்பன் அவரைப் பார்த்தான். பைல் என்ன ஆகும் என்று கேட்டான். அவர் இன்னொரு தடவை தூக்குங்கப்பு என்றார். தூக்கினார்கள்.

தண்ணீர் ஏறியிருந்ததால் முதல் மரத்தை அக்கரைக் கல்கட்டில் உட்காரவைப்பதற்குள் உயிர் போய்விட்டது. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை உட்கார்ந்தது. ஒரு ஆள் அதன்மேல் தவழ்ந்து அக்கரைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தான். அவன் கால் அந்தப் பக்கக் கல்லில் பட்டதும் பின்னால் ஊருக்குள் ஒரு பெண்பிள்ளை குலவையிட்டாள். லிங்கேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். மேல்வரிசையில் ஒரு கூரையிலிருந்து புகை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. அதற்குள் அடுத்த மரம் கைக்கு வந்துவிட்டது.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், பால்வாடியின் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜாத்தியை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் காசிமாயனும் லிங்கேஸ்வரனும். பாக்குமரச் சட்டம் இன்னும் பாதிதான் அடித்திருந்தது. மரத்தில் கால் பார்த்துப் பார்த்து வைத்துப் பைய நடந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாலத்தில் பாதி தாண்டியபோது எதிரே வளைவில் ஜீப்பு வந்து நின்றது.

குழுதான்.

முதலில் இறங்கினவள் முத்துப்பிரியா. முப்பத்தைந்து வயசு இருக்கும், ஷூ போட்டிருந்தாள். ஓடிவந்து கரையில் நின்று நாற்காலியை இறக்க அவளும் ஒரு கை பிடித்தாள். ராஜாத்தியின் முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, இவர்களை ஏற்றிக்கொண்டு வெரசாகத் தேனிக்குப் போ, எங்கேயும் நிறுத்தாதே, நாங்கள் இங்கே இருக்கிறோம் என்றாள். காசிமாயன் கும்பிட்டான். ஜீப்பு வந்த வேகத்தில் திரும்பிப் போனது. ஜீப்பில் ஏறும்போது ராஜாத்தி லிங்கேஸ்வரனைப் பார்த்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வெறும் பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.

நல்ல பெண்தான் முத்துப்பிரியா. இந்த மாதிரிக் கதைகளில் மேலேயிருந்து வருகிறவர்கள் கெட்டவர்களாக இருந்துவிட்டால் நமக்கு எவ்வளவோ நிம்மதி. மரப்பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போனாள். கம்பிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். யார் கட்டியது என்று கேட்டு ஒச்சப்பனைப் பாராட்டினாள். ஊரில் எல்லாக் கூரையிலும் புகை கிளம்பியிருந்தது. ஊர் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்று கூட வந்தவரிடம் சொன்னாள். அப்புறம் லிங்கேஸ்வரனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

குழுவில் படம் எடுப்பதற்கென்று ஒரு ஊழியர் இருந்தார். ஜீப்பு நின்றவுடன் எடுக்கவேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. எடுத்துவிட்டார். சிக்னல் இல்லாத ஊர் என்று கூடவே கொண்டுவந்திருந்த தனிக் கருவி வழியாக அது அந்த இடத்திலிருந்தே மேலாபீசுக்குப் போய்விட்டது. முத்துப்பிரியா அந்தப் படத்தைக் காட்டினாள். நாலு மரப் பாலம் சுத்தமாகத் தெரிந்தது. அதன்மேல் நாற்காலி, நாற்காலியில் ஒரு பெண், முன்னால் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு பனியனோடு லிங்கேஸ்வரன். ஓரத்தில் தேதியும் நேரமும்.

"நான் பாக்கலைன்னு வேணா சொல்லிரலாம் சார். போன் பாத்துருச்சே" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடுவார்கள், இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம், முந்தின நாள் எடுத்த படம் இரண்டும் இருக்கிறது, அதில் பாலம் இல்லை என்று அவர் சொன்னார். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறதென்று அவருக்கே தெரிந்தது. நேற்று இல்லை, இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு மறுபடி இல்லை. பாலத்தை வைத்து வித்தை காட்டுகிறான் ஓவர்சியர் என்றுதான் எழுதுவார்கள். அவருக்கு மெமோ வரும். பாலம் வராது.

"பிரிச்சுட்டு? அந்தம்மா சாயங்காலம் திரும்பி வரணும்ல" என்றாள் அவள்.

சாதாரணத் திட்டத்தில் எழுதிப் போடலாம், தானும் பரிந்துரை செய்வதாகச் சொன்னாள். அந்த வரிசையில் ஏற்கெனவே எத்தனை பாலம் நிற்கிறதென்று இருவருக்கும் தெரியும். அவருடைய கையெழுத்திலேயே ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதிப் போட்ட பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. குழு பார்வையிட்டபோது இருந்த நிலை என்ற இடத்தில் அவர்தான் எழுதவேண்டும். பேனாவை வாங்கினார். 'பொதுமக்களால் பாதை சீரமைக்கப்பட்டு, தற்போது பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்து பொய்யில்லை. அதுதான் அவருக்கு ஆறவில்லை. நேற்று எடுத்த படம் பொய் என்று யாராவது சொன்னால் மறுத்திருப்பார், நேற்று ராத்திரி வழி இல்லாமல்தான் படுத்திருந்தார். அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

ஜீப்பு திரும்பிவர நேரமாகும். குழுவைப் பால்வாடியில் உட்காரவைத்து இலை போட்டார்கள். லிங்கேஸ்வரன் அங்கே போகாமல் ஓடைக்கரையிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வேலுத்தாய் வட்டிலில் சோறு கொண்டுவந்தாள். சுடுசோறு, புளிக்குழம்பு, ஓரத்தில் சுட்ட கருவாடு. தண்ணீர்ச் செம்பைக் கல்லில் வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. பாலம் இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம், எழுதிக் கொடுத்தது நான்தான் என்றார். வேலுத்தாய் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ராஜாத்தி போய்ச் சேந்துட்டாளாம்ணே. பாறைமேல ஏறி காசிமாயனுக்குப் போன் போட்டேன். மிஷின்ல போட்டாச்சாம்" என்றாள். அப்புறம், "இந்த மரமும் அடுத்த மழைக்குப் போயிருச்சுன்னா நாங்க என்ன பண்ணணும்? அதையும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டாள்.

அவருக்குச் சரியான பதில் தெரியும். தொடாதீர்கள், ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள், ஆபீசர் வந்து படம் எடுக்கும்வரை அப்படியே விட்டுவையுங்கள். போன தடவை ஆபீசர் வர பன்னிரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு நாள் அடுப்பு எரியாது. பன்னிரண்டு நாளில் ராஜாத்திக்கு மூன்று நாலு முறை தவறும். பாலம் வரும். ஓவர்சியர் வாயிலிருந்து வரவேண்டிய பதில் அதுதான்.

"முதல்ல வழியப் போடுங்கத்தா" என்றார்.

"மத்தது?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

அவர் வட்டிலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.